உப்புக் காற்றுக்கு க்ளெய்ம் கிடையாது

கார் இன்ஷூரன்ஸில் எந்தக் கம்பெனி சல்லிசு என்று விசாரிக்கிறீர்களா? பாதிக் கேள்வி வீண். நீங்கள் இடித்தவருக்குப் போகும் 'தேர்ட் பார்ட்டி' பகுதிக்கு விலை வைப்பது அரசாங்கம். 2022-ல் அறிவித்தபடி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய். எல்லாக் கம்பெனிக்கும் அதே. போட்டியெல்லாம் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில், அதுவும் 2007-லிருந்துதான்.

அங்கே மலிவைவிட முக்கியம், எதற்குப் பணம் வராது என்பது. மரக்காணம் உப்பளத்தோரம் கார் வைத்திருக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் கதவு துருப்பிடித்தால் பைசா பெயராது, தேய்மானம் என்பார்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் அந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. அப்படியொரு புயலில் மரம் விழுந்து கூரை நசுங்கினால் பணம் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியை அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனால், சாதாரண பாலிசியில் கையை விரித்துவிடுவார்கள். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாக வாங்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல்களில் விலை கொட்டை எழுத்தில், இதெல்லாம் பொடி எழுத்தில்.

'நல்ல கம்பெனி சார்' என்பவரிடம், எப்போதாவது க்ளெய்ம் பண்ணினீர்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் சாப்பிடாத ஓட்டலைப் புகழ்கிறார். பண்ணினவர் திட்டினால் தயங்காமல் கம்பெனி மாறுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, கூடவே வரும்.