கள்ளும் நஞ்சும்: குறள் 926இன் உவமை பற்றி

கள்ளச்சாராயத்தால் உயிர்ச்சேதம் நிகழுந்தோறும் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் ஆறாம் குறளை நினைவூட்டுவோர் பலர். 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தை மையமாகக் கொண்டு நிகழ்ந்த கேட்டில் 60க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். கள்ளுண்பார் நஞ்சுண்பாரே என வள்ளுவர் அன்றே கூறினார் என்று இவற்றின்மேல் அக்குறளை ஏற்றியுரைப்பது பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. பொருந்தாது என்பது எம் துணிபு.

பரிமேலழகர் உரையை நோக்குக. உறங்கினார்க்கும் செத்தார்க்கும் வேற்றுமை உண்டு. எனினும் அறிவின்மையால் வேறெனப்படார். அவ்வாறே கள்ளுண்பார்க்கும் நஞ்சுண்பார்க்கும் வேற்றுமை உண்டு. எனினும் அறிவின்மையால் வேறெனப்படார். இதுவே அவர் கொண்ட நெறி. வேற்றுமையை முதற்கண் உடன்பட்டுப் பின்னரே ஒப்புமை கூறுகின்றார் என்பது கருதத்தக்கது. அவ்வேற்றுமையாவது உயிர்ப்பு நிற்றல். கள்ளுண்டான் அறிவிழந்து கிடப்பினும் மூச்சு நின்றிலன்; விடிந்தபின் எழுவான். இவ்வேற்றுமை நிற்கும் வரையில்தான் உவமை உவமையாகும். கருணாபுரத்தில் உண்டாரோ எழுந்திலர். ஆண்டு நஞ்சு உவமையன்று, பொருளே.

அப்பொருள் மெத்தனால். பழந்தமிழர் வீட்டிற் சமைத்த கள்ளோடு இதனை ஒப்புநோக்குதல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்துக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகின்றார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி அட்டு, வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுவர். நெல்முளையை இடித்துச் செய்த அடையை அதிற் கலப்பர். இரு பகலும் இரு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் முற்றவைத்து, அரித்து, விரலால் அலைத்துப் பிழிவர். முளைவிட்ட தானியம் மாப்பொருளைச் சருக்கரையாக்குவதும் அது புளித்து எத்தனால் ஆவதும் இன்றைய வேதியியல் அறிந்த செய்தியே. இம்முறையில் மெத்தனால் தோன்றுவது மிகச் சிறிதளவே. அன்றியும் ஆக்குவாரும் உண்பாரும் ஒரு குடியினர். வழிவந்த பாணனுக்கும் சுட்ட மீனோடு அதனையே அளிக்கின்றனர். சாடியில் இருப்பது இன்னதென அனைவரும் அறிவர்.

இதனால் இல்லிற் சமைத்த கள் தீங்கற்றது என யாம் கூறுவதாகக் கொள்ளற்க. எத்தனாலும் ஈரலைக் கெடுப்பது. மதுவகைகளைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்திற்று. குறளிலுள்ள 'எஞ்ஞான்றும்' என்னும் சொல்லுக்கு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொல்வது என மருத்துவர் ஒருவர் பொருளுரைப்பாராயின் யாம் மறுக்கமாட்டோம்.

மெத்தனாலின் செயல் வேறு. ஈரலில் அது முதலில் பார்மால்டிகைடாகவும் பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாறும். அவ்வமிலம் குருதியைப் புளிப்பாக்கும், கண்ணரம்பை அழிக்கும். 10 மில்லிலிட்டர் அளவும் பார்வையைப் பறித்தல் கூடும். உண்டபொழுதில் தோன்றுவது வழக்கமான மயக்கமே. கேடு வெளிப்பட 12 முதல் 24 மணி நேரம் வரையும் ஆகலாம். எத்தனால் கலந்திருப்பின் இன்னும் தாழ்க்கும். இரண்டையும் சிதைப்பது ஒரே நொதியாதலின், எத்தனால் அதனைப் பற்றிக்கொள்ள, மெத்தனால் நஞ்சாக மாறுவது தடைப்படும். இதுபற்றியே மெத்தனால் உண்டார்க்கு மருத்துவமனைகளில் எத்தனாலை மாற்றுமருந்தாகத் தருதலும் உண்டு. கள்ளின் சாரமே நஞ்சுக்கு மருந்தாகும் இந்நிலையில் கள்ளையும் நஞ்சையும் ஒன்றெனக் கூறுதல் எங்ஙனம்?

இனி, அறிவின்மை என்னும் சொல்லும் ஈண்டு வேறுபடுகின்றது. உரையாசிரியர் கூறும் அறிவின்மை, உண்டபின் வருவது. உண்பான் தானே தேடிக்கொள்வது. கருணாபுரத்தார் அறிவின்மையோ உண்பதற்கு முன்னது. பையில் அடைத்து விற்கப்பட்டதனுள் இருந்தது யாதென அவர் அறியார். நாவும் மூக்கும் காட்டிக்கொடா. நஞ்சை இட்ட கை பிறர் கை. அவர்மேற் குறளை ஏற்றுவோர் அக்கையின் குற்றத்தை மாண்டார் தலையிற் சுமத்துகின்றனர். வள்ளுவர்க்கும் இது பழியாகின்றது. விற்பான் ஒருவன் கலந்த பொருளுக்கு அவர் அக்குறளிற் பேசினாரல்லர்.

சொல்லளவில் ஒன்று. கள்ளச்சாராயம் என்பதன் முதனிலையைக் கள் எனக் கொண்டு மயங்குவாரும் உளர். அது கள்ளம், களவோடு இனமானது. விற்பனை கள்ளமாய் நிகழ்தலின் அளவும் இல்லை, சோதனையும் இல்லை; கலப்பு நேர்வது அவ்விடத்தே. பிறர்பொருளை வஞ்சித்துக் கொள்ளக் கருதுதலைக் கடியும் கள்ளாமை, திருக்குறளில் 29ஆம் அதிகாரம். எடுத்துக்காட்டத் துணிவோர் 93ஐ விடுத்து அதனைப் புரட்டிப் பார்ப்பாராக.