இருபது குரங்குகளின் கதை

பழவேற்காட்டு ஏரியில் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும் அதே ஆழமில்லா நீரில்தான் மீனவரும் வலை வீசுகின்றனர். 2024 பிப்ரவரியில் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டபோது, அதனை உறுதி செய்தது போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகம். ஆகவே மூடிய ஆய்வகமும் அதனுள் நடக்கும் விலங்கு ஆய்வும் தமக்குத் தொடர்பில்லாதவை என்று இக்கரையோர மாணவர்கள் எண்ணிவிட வேண்டாம்.

அவ்வகை ஆய்வொன்றை உள்ளிருந்து சொல்லும் நூல், டாக்டர் பல்ராம் பார்கவா 2021-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘கோயிங் வைரல்’. கோவாக்சின் தடுப்பூசி உருவான வரலாறு அது. ஆசிரியர் அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர்.

குரங்கு தேடிய பகுதியே நூலில் சுவையானது. 2020-இல் ஊரடங்கு, உணவு கிட்டாமல் குரங்குகள் காட்டுக்குள் போய்விட்டன. ஆய்வுக்கென வளர்த்த செம்முகக் குரங்குகள் நாட்டில் இல்லை. மகாராஷ்டிர வனத்துறையின் துணையுடன் அலைந்து, நாகபுரிப் பக்கம் 20 குரங்குகளைக் கண்டுபிடித்தனர். ஆசிரியர் இதனைச் சாதனையாகச் சொல்கிறார். 1950-களில் போலியோ தடுப்பூசிக்காக வெளிநாடுகளுக்கு இக்குரங்குகளை ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்து, 1977-இல் தடையை அறிவித்த நாடு இது. அதனிடம் வளர்ப்புக் குரங்கு இருபதுகூடவா இல்லை?

ஆய்வு நடந்தது புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில். இத்தகைய அறைகளில் காற்றழுத்தத்தை வெளியைவிடச் சற்றுக் குறைவாக வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் காற்று உள்ளே பாயுமேயன்றி வெளியே வராது. வெளியேற்றும் காற்று நுண்வடிகட்டி வழியே செல்லும். இதில் ஒரு வேடிக்கை: வடிகட்டிக்குப் பிடிபடாமல் தப்பக்கூடியது 0.3 மைக்ரானை ஒட்டிய துகளே. அதனினும் சிறியது பிரௌனியன் இயக்கத்தால் தள்ளாடி, இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும்!

குரங்குகள் ஐந்தைந்தாக நான்கு குழுக்கள். மூன்று குழுக்களுக்கு 14 நாள் இடைவெளியில் இருமுறை தடுப்பூசி, நான்காவதற்கு இல்லை. பின்னர் எல்லாவற்றுக்கும் வைரஸ் செலுத்தினர். ஏழாம் நாள் கொன்று நுரையீரலை ஆராய்ந்ததில், தடுப்பூசி பெற்றவற்றில் நிமோனியா இல்லை. குழுவுக்கு ஐந்து என்பது, அளவீட்டில் பழகிய எனக்குக் குறைவாகவே படுகிறது. கூட்டினால் மேலும் உயிர்கள் போகும் என்பதும் மெய்யே.

இக்குரங்குகளையும் வெற்றியின் நாயகர்களாக ஆசிரியர் போற்றுகிறார். நன்றியுணர்வு நல்லதே. ஆயினும் நாயகன் என்போன் தானே முன்வருபவன், இவை பிடிபட்டவை. பிடித்தோம், ஊசியிட்டோம், கொன்றோம் என்னும் வினைச்சொற்களே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன.