அழுத்திப் பார்த்து வாங்கும் குஷன்: ஒரு திறனாய்வு

மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் வீட்டு முகப்பிலும் போடப்படும் பிரம்பு, இரும்பு, மர நாற்காலிகளுக்குக் குஷன் வாங்குவோர், கடையில் அதைக் கையால் ஓரிரு முறை அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கி உடனே மேலெழுந்தால் நல்லதென்று முடிவு செய்வதே பரவலான வழக்கமாக உள்ளது. இவ்வழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. துணியின் சொரசொரப்பையும், உள்ளே திணித்த பஞ்சு சீராகப் பரவியுள்ளதா கட்டிதட்டியுள்ளதா என்பதையும் கண்ணைவிட விரலே நன்கு அறியும். ஆயினும் வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் பொருளைக் குறித்துக் கடைக்குள் நின்று விரல் வழங்குவது பாதித் தீர்ப்பே.

உள்ளங்கையின் அழுத்தம் உடலின் எடைக்கு ஈடாகாது என்பதால், கைக்கு இதமாகத் தோன்றும் மென்மையான ஃபோம், உட்கார்ந்த சிறிது நேரத்தில் முழுவதும் அமுங்கி, அடியிலுள்ள மரச்சட்டத்தை உணரச் செய்துவிடுகிறது. கடைக்காரர் கூறும் ‘டென்சிட்டி’, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்னும் அளவு, அதன் உழைப்பைச் சுட்டுமேயன்றிக் கடினத்தைச் சுட்டாது. ஒரே டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, கெட்டியான ஃபோமும் உண்டு. எனவே உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு சோதனை இல்லை. கடையில் அதற்குக் கூச்சப்படுவோரே மிகுதி. குஷனின் கனமும் கவனிக்கத்தக்கது: ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலியில் 10 செ.மீ. குஷனைப் போட்டால், அது சற்று அமுங்கிய பின்னும் குள்ளமானவர்களின் கால் தரையில் பதியாது.

இவையெல்லாம் வீட்டுக்குள் போடும் குஷனுக்கும் பொருந்துவனவே. திறந்தவெளிக்கே உரிய சிக்கல் நீர். சாதாரண பாலியூரித்தேன் ஃபோமின் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் அது நீரை உறிஞ்சித் தேக்கி வைக்கும். இதைத் தடுக்க ரெக்சின் உறை போடுவது எளிய தீர்வாகத் தோன்றினும், தையல் ஊசி இட்ட துளைகள் வழியாகவும் ஜிப்பின் இடுக்கு வழியாகவும் உள்ளே புகும் மழைநீர், நீர் புகாத அதே ரெக்சினால் ஆவியாகி வெளியேற வழியின்றி நாட்கணக்கில் தங்கிப் பூஞ்சணத்தை வளர்க்கிறது. மேலே துடைத்து உலர்ந்திருக்கும் குஷனில் ஒருவர் அமர்ந்ததும் ஓரத்தையல் வழியே நீர் கசிந்து உடையை நனைப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, வெயிலில் ரெக்சின் சுடவும் செய்யும், வியர்வையில் ஒட்டவும் செய்யும்.

இலவம்பஞ்சின் நிலை வேறு. மெழுகுப் பூச்சும் உள்ளீடற்ற குழல் வடிவமும் கொண்ட அதன் இழை நீரில் மிதக்கும் ஆற்றலுடையது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் அதை அடைத்ததும் இதனாலேயே. வெயிலில் போட்டால் உப்பி எழும் அப்பஞ்சு, பலரும் அமர்ந்தெழும் இருக்கையில் நாளடைவில் நசுங்கி ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிறது. எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் கொசுவர்த்தி ஏற்றுவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

நுண்ணறைகளின் சவ்வு நீக்கப்பட்டு, மேலே ஊற்றிய நீர் கீழே வடிந்துவிடும் ‘ரெட்டிகுலேட்டட்’ ஃபோமும், நூலாகும் முன்பே சாயம் கலக்கப்பட்டதால் எளிதில் வெளுக்காத அக்ரிலிக் துணியும், வலைத்துணியாலான அடிப்பாகமும் சேர்ந்த குஷனே திறந்தவெளிக்கு முழுமையாகத் தகுதியானது. அதன் ஒரே குறை விலை. அவ்விலை கட்டுப்படியாகாதவர்கள், வெளிர்நிறப் பருத்தி உறையிட்ட சாதாரண ஃபோமையே வாங்கலாம். ரெக்சினுக்குச் செலவிடாமல், ஐப்பசி பிறந்ததும் அதை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டால் போதும்.