கொல்லிப்பாவையும் கேமராவும்

கேமரா ஏறி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கொல்லிமலையில் ஒரு பெண் படமாக்கப்பட்டுவிட்டாள். நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணரின் தலைவன், தன்னை இடித்துரைக்கும் தோழனுக்குப் பதில் சொல்கிறான்: காற்று மோதினாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாத கொல்லிப்பாவையைப் போல, அவள் என் நெஞ்சைவிட்டு அகலமாட்டாள். இதைக் காதலின் உறுதி என்றே பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இப்போது வேறொன்றும் தெரிகிறது. மூப்பில்லை, பேச்சில்லை, நிறுத்திய இடத்திலேயே நிற்கிறாள். புகைப்படத்துக்குள் இருக்கும் பெண்ணும் அப்படித்தான். பார்த்தவனைப் பாவை சிரித்தே கொன்றுவிடும் என்றொரு கதையும் உண்டு. பார்ப்பவனின் ஆசை மட்டுமல்ல, அவனுடைய அச்சமும் அவள் தலையில்தான் விழுந்தது.

இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வார இறுதிகளில் கேமராக்கள் மேலே வருகின்றன. மூடுபனி, மிளகுக்கொடி, ஆகாய கங்கை அருவி. அந்த வரிசையிலேயே சுருக்கம் விழுந்த ஒரு மூதாட்டியின் முகம். அருவிக்குப் பெயர் இருக்கும், அவளுக்கு இருக்காது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இம்மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்கும் இடமுண்டு. மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தவர் அவர். அளவுகோல் போய்விட்டது. ஆளை மாதிரியாக்கிப் பார்க்கும் கண் போகவில்லை.

அந்தக் கண் எனக்கும் இருந்தது. ஒருமுறை சாமை அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரப்பில் நின்று வரிசையாகப் படமெடுத்தேன். வளைந்த முதுகு, பின்னால் சரியும் வெயில். பெண்ணுழைப்பைப் பதிவுசெய்கிறேன் என்ற நிறைவோடு திரும்பியபோது அவர் கூப்பிட்டார்.

“எடுத்தியே, எங்கிட்டக் காட்ட மாட்டியா?”

திரையைத் திருப்பினேன். உற்றுப் பார்த்தார்.

“கூனிக்கிட்டு இருக்கறேன். இத அழிச்சிரு. நிமிந்து நிக்கறேன், இப்ப எடு.”

அரிவாளோடு நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்தார். படமாக அது சுமார்தான். வெளிச்சம்கூடத் தட்டை. முந்தையவற்றை அவர் கண்முன்னே அழித்தேன். மனம் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய முதுகு என் கருத்துக்குத் தேவைப்பட்டிருந்தது. கேமரா பெண்ணின் கையில் இருந்தாலே பார்வை பெண்ணியமாகிவிடாது.

1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்புவெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1995இல் கடைக்கு வந்த காசியோ கியூவி-10 கேமராவின் முதுகிலேயே ஒரு சிறு திரை இருந்தது. மெகாபிக்சலையும் லென்சையும் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். எனக்கு அந்தத் திரைதான் பெரிய மாற்றம். பிலிம் காலத்தில் சுருள் மலையிறங்கிப் போய்விடும். எடுக்கப்பட்டவளுக்குத் தன் முகம் என்னவானது என்றே தெரியாது. இப்போது அவள் அங்கேயே பார்க்கலாம், மறுக்கலாம், அழிக்கச் சொல்லலாம். ஆனால் திரையை அவள் பக்கம் திருப்பும் வேலையை எந்தக் கேமராவும் தானாகச் செய்யாது.

திருப்பியவர்கள் இருக்கிறார்கள். எம். பழனி குமார் ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களோடு அவர்களுடைய பெயரும் பேச்சும் தொழிலின் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை கற்றுத்தருவதையும் அவர் தன் வேலையாகவே கொண்டிருக்கிறார். படத்தில் இருப்பவரின் வீட்டுக்கே கேமரா போய்ச் சேரும் வழி அது. கொல்லிமலைப் பெண்பிள்ளைகள் தம் பாட்டியை எடுக்கும் நாளில், அந்த முகத்தின் கீழ் ஒரு பெயர் இருக்கும்.

பாவை என்றால் பொம்மை, பெண் என்று பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணின் கருமணிக்கும் தமிழில் பாவை என்றே பெயர். பார்க்கப்படுவதற்கும் பார்ப்பதற்கும் ஒரே சொல். நாம் முதல் பொருளிலேயே நின்றுவிட்டோம். அரிவாளோடு நிமிர்ந்தவர் எனக்கு இரண்டாவதை நடத்திக் காட்டினார். அந்தச் சுமாரான படம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.