மென்பொருள் தரத் தேவைகள்: ஆய்வாளர் வரையறையும் கல்வராயன் மலைப் பணித்தளமும்

முன்னுரை

ஒரு மென்பொருள் எதைச் செய்ய வேண்டும் என்பது செயல்பாட்டுத் தேவை. அதனை எத்துணை நம்பகமாகவும் எளிமையாகவும் செய்ய வேண்டும் என்பது தரத் தேவை. இப்பாகுபாட்டை ஆய்வாளரும் மென்பொருள் உருவாக்குநரும் ஒரே நோக்கில் காண்பதில்லை. இருவர் நோக்கிலும் விடுபடும் ஒன்றை இக்கட்டுரை சுட்டுகிறது.

இருவர் நோக்கு

1970களில் போஹம், மெக்கால் ஆகியோர் வகுத்த மாதிரிகள் முதலாக, 2011இல் எட்டுப் பண்புகளையும் 2023இல் ஒன்பது பண்புகளையும் வரையறுத்த ஐஎஸ்ஓ 25010 வரை, ஆய்வுலகம் தரத்தைப் பகுத்துப் பெயரிடுவதிலேயே பெரிதும் முனைந்துள்ளது. உருவாக்குநரோ தரத்தைச் சொல்லாமலே விளங்குவதாகக் கருதிச் செயல்பாடுகளையே முதலில் எழுதுகின்றனர். குறை எழுந்த பின்னரே தரம் பேசுபொருளாகிறது. 11 தொழில்துறை ஆவணங்களின் 530 தேவைகளை ஆராய்ந்த எக்கார்ட் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு, ‘செயல்பாடு சாராதவை’ எனப்பட்டவற்றுள் பெரும்பாலானவை மென்பொருளின் நடத்தையையே விவரிக்கின்றன எனக் காட்டியது. பாகுபாடு அத்துணை உறுதியானதன்று என்பது இதனால் பெறப்படும்.

மலைப் பணித்தளம்

2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், மலையாளி எனப்படும் பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்கின்றனர். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பொதுப் பணித்தளங்களில், 2023 ஜனவரி 1 முதல் என்எம்எம்எஸ் செயலிவழி நாளுக்கு இருமுறை புவிக்குறியிட்ட ஒளிப்படத்துடன் வருகையைப் பதிவது கட்டாயமாயிற்று. இணைப்பில்லாத இடத்தில் பதிவைச் சேமித்துப் பின்னர் ஏற்றும் வசதி உண்டென ஊரக வளர்ச்சி அமைச்சகம் விளக்கியது. இவ்வசதி ஆய்வாளருக்கு ‘நம்பகத்தன்மை’; உருவாக்குநருக்கு மேலுமொரு செயல்பாடு; மண்வெட்டியுடன் நிற்பவருக்கோ அன்றைய கூலி.

ஒளிப்படத்தையே மீண்டும் படமெடுத்தலும் பொருந்தாப் படங்களை ஏற்றுதலும் நடைபெறுவதை 2025 ஜூலையில் அமைச்சகமே சுட்டிக்காட்டியது. படம் ஏறியது என்ற அளவில் செயல்பாடு நிறைவேறியது. வருகை உண்மையானது என்ற தரம் நிறைவேறவில்லை.

மதிப்பீடு

ஆய்வாளர் பண்பிலிருந்தும் உருவாக்குநர் செயல்பாட்டிலிருந்தும் தொடங்குகின்றனர். தரம் தவறினால் இழப்பு யாருக்கு என்ற வினாவிலிருந்து இருவரும் தொடங்குவதில்லை. பண்புப் பட்டியல் பயனற்றது என்பதன்று. கேட்க மறந்த வினாக்களை அது நினைவூட்டும். ஆயினும் ‘நம்பகமாக இருக்க வேண்டும்’ என்ற தொடரைச் சோதிக்க இயலாது. ‘நாள் முழுவதும் இணைப்பு இல்லாவிடினும், கைப்பேசி இடையில் அணைந்தாலும், பதிவான வருகை அழியாது’ என்பதைச் சோதிக்கலாம். வேலை உறுதிச் சட்டம் 2005, 15 நாளுக்குள் கூலி வழங்கப் பணித்தது. எனவே இத்தேவையின் மூலம் பன்னாட்டுத் தரநிலையன்று, சட்டமே. பதிவு ஏறாத நாளுக்குக் கூலி மறுக்கப்படாதிருக்க அலுவலக நடைமுறையும் மாற வேண்டும். அதனை நிரலால் மட்டும் ஈடுசெய்ய இயலாது.

முடிவுரை

தரத் தேவை என்பது மென்பொருளின் பண்பு மட்டுமன்று. பயன்படும் நிலத்துக்கும் பயனாளியின் உரிமைக்கும் இடையிலான உறவுமாகும். அவ்வுறவை எழுதாத தேவை ஆவணம், வகைப்பாட்டில் எத்துணைச் செம்மையுடையதாயினும் முழுமையுடையதாகாது.