ஆட்டோவின் முதுகில் மூன்று வாசகங்கள்

லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது பின்னால் வருகிற டிரைவருக்கு. 'சவுண்ட் ஹாரன்' என்றால் ஹாரன் அடி, அவ்வளவுதான். (மகாராஷ்டிராவில் 'ஹாரன் ஓகே ப்ளீஸ்' எழுதுவதற்கு 2015-ல் தடையே போட்டார்கள், இரைச்சல் கூடுகிறதென்று.) ஆட்டோவின் முதுகு அப்படியில்லை, ஊருக்கே பேசுகிறது. ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பவை மூன்று.

ஒன்று, 'பெண்ணின் திருமண வயது 21'. சுத்தமான எழுத்துத் தமிழ். 'இருக்கட்டும்', 'வேண்டும்' எதுவும் இல்லை. சட்டமே சொல்வது போன்ற தொனி. சட்டத்தில் இருப்பதோ 18. அதை 21 ஆக்கும் மசோதா மக்களவைக்கு வந்தது 2021 டிசம்பரில். 2024-ல் அவை கலைந்ததும் காலாவதியானது. ஆட்டோவில் இந்த வாசகம் அதற்கெல்லாம் வெகு முன்பே வந்துவிட்டது. நல்ல அறிவுரைதான், ஆனால் சொல்கிறவருக்குச் செலவில்லை.

இரண்டு, 'சீறும் பாம்பை நம்பு, சிரிக்கும் பெண்ணை நம்பாதே'. மோனை கச்சிதம், ஏவல் வினை கச்சிதம். இதைத் தெருக்கவிதை என்று ரசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. பின்னால் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற பெண் அடுத்த சிக்னல் வரைக்கும் இதைப் பார்த்துக்கொண்டே போகணும். மோனை நன்றாக அமைந்துவிட்டால் வசவு வசவில்லாமல் போய்விடுமா?

மூன்று, 'பிரசவத்துக்கு இலவசம்'. மோனை கிடையாது, வினைச்சொல் கிடையாது, 'நான்' என்பதும் கிடையாது. ஆனால் எழுதியவரின் கையைக் கடிக்கிற வாசகம் இது ஒன்றுதான். 2013-ல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கட்டணம் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்த மீட்டர் கட்டணத்துக்கே மல்லுக்கு நிற்கிற ஊரில், அதே வண்டியின் முதுகில் இலவசம்! 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகும் இது அழியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலியெடுத்தவளுக்காக ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறவர்கள் வண்டியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், முதுகை அல்ல. அப்படியானால் இது சவாரிக்கு வருகிறவரிடம் சொன்னதில்லை. பின்னால் வரும் தெருவைச் சாட்சியாக வைத்துக் கொடுத்த வாக்கு.

பெயின்ட் போய் ஸ்டிக்கர் வந்த காலம் இது. எல்லா வாசகமும் ரெடிமேடாகக் கிடைக்கிறது. 'பெயின்டர் எழுதிட்டாருங்க' என்று இனி யாரும் நழுவ முடியாது. எதை வாங்கி ஒட்டுகிறோமோ, அதுதான் நாம் எழுதியது.