இஸ்தான்புல் பூனைகளும் நம் தெருப் பூனைகளும்
'கெடி' ஆவணப்படத்தை முன்வைத்து

இஸ்தான்புல்லில் பிறந்த இயக்குநர் ஜெய்தா தோருன் 2016இல் வெளியிட்ட ஆவணப்படம் 'கெடி'. துருக்கிய மொழியில் இச்சொல்லுக்குப் பூனை என்பதே பொருள். அந்நகரின் தெருக்களில் திரியும் ஏழு பூனைகளையும் அவற்றைப் பேணும் எளிய மனிதர்களையும் ஏறத்தாழ 80 நிமிடங்களில் இப்படம் காட்டுகிறது. இஸ்லாமிய நாகரிகத்தின் கருணைக்கு இதுவே சான்று என நம்மவர் இதனைப் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டுவதுண்டு. அப்பெருமிதம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்வது நன்று.

படத்தின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கேமரா பூனையின் உயரத்துக்கு இறங்கிவந்து நகரத்தைப் பார்க்கிறது. 'துமான்' என்னும் பூனை உணவகத்தினுள் நுழைவதில்லை. பசித்தால் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டுகிறது. அது எவருடைய உடைமையும் அன்று. காட்டு விலங்கும் அன்று. ஹதீஸ் பயின்றோருக்கு இங்கே அபூகதாதா (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வரும். ஒளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த அவர்கள், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிமொழியைக் கூறினார்கள். அதில் வரும் 'தவ்வாஃபீன்' என்ற சொல்லின் வேரிலிருந்தே, வீட்டினுள் வந்து செல்லும் பணியாளரையும் சிறுவரையும் குறிக்கும் சொல்லை அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனமும் கையாள்கிறது. அச்சொல்லுக்கு இப்படத்தைவிடத் தெளிவான காட்சி விளக்கம் கிடைப்பது அரிது.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு பெண் பூனை ஆண்டுக்கு இருமுறை, மும்முறை கூட ஈனும். குட்டிகளை அழகாகக் காட்டும் படம், அவற்றின் பெருக்கத்தை யார் கட்டுப்படுத்துவது என்ற வினாவைத் தொடுவதேயில்லை எனலாம். 2004இல் இயற்றப்பட்ட துருக்கியின் 5199ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தெரு விலங்குகளுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்த நிர்வாகப் பக்கம் படத்தில் இடம்பெறவில்லை. கருணை தனிமனிதரின் மன ஆறுதலாகச் சுருங்கிவிடுகிறது.

வரலாறு இதைவிட விரிவானது. சுல்தான் பைபர்ஸ் (மறைவு 1277) கெய்ரோவில் பூனைகளுக்கென ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த எட்வர்ட் லேன் இதனைப் பதிவு செய்துள்ளார். தோட்டம் கைமாறி வருமானம் தேய்ந்த பின்னரும், அஸர் வேளையில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. செலவைக் காழி ஏற்றார். ஆனால் வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து அதே முற்றத்தில் விட்டுச் சென்றோரும் பலர் என்று லேன் எழுதுகிறார். உணவு மட்டும் அளித்துப் பெருக்கத்தைக் கவனியாத அறம் எங்கே சென்று முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் வழக்கமும் இதுதானே! திருச்சியிலும் பச்சைமலை அடிவாரத்து ஊர்களிலும் குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் சந்தையிலோ பள்ளிவாசல் வாயிலிலோ விட்டுவருவது புதிதன்று. பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளிக்காமல், இரைதேட விடவும் செய்யாத பெண் தண்டிக்கப்பட்டதாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. பால்குடி மறவாத குட்டி தானாக இரைதேட இயலாது. அதனைக் கைவிடுவது இக்குற்றத்துக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது?

கருத்தடை குறித்து ஃபிக்ஹு நூல்களில் கருத்து வேறுபாடு உண்டு. உண்ணத்தகாத பிராணிகளுக்கு விதைநீக்கம் கூடாதென இமாம் நவவி (ரஹ்) கூறுகிறார்கள். ஒளரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபத்தாவா ஆலம்கீரியோ, பயன் கருதியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்கு அதைச் செய்வதில் குற்றமில்லை என்கிறது. இரு மத்ஹபினரும் வாழும் தமிழகத்தில் இது ஆலிம்கள் அமர்ந்து பேசவேண்டிய மஸ்அலா.

'கெடி' பார்க்கத்தக்க படமே. இதைத் திரையிடும் ஜமாஅத்துகள் அன்றைக்கு ஒரு கால்நடை மருத்துவரையும் ஓர் ஆலிமையும் அழைத்து, தம் மஹல்லாவின் பூனைகளைப் பற்றியும் பேசச் செய்யுமானால் படம் சொல்லாமல் விட்டதும் சபைக்கு வந்து சேரும்.